மருந்தில் இருக்கும் நோய்

சுழல்துப்பாக்கி சிக்காது என்றொரு பேச்சு துப்பாக்கி பழகியவர்களிடையே வெகுகாலமாக உண்டு. பிஸ்டல் எனப்படும் தானியங்கிக் கைத்துப்பாக்கி தோட்டாவை விழுங்கத் தெரியாமல் தொண்டையில் நிறுத்திக்கொள்ளும். ரிவால்வர் எனப்படும் சுழல்துப்பாக்கியோ விசையை இழுத்தால் வெடித்தே தீரும் என்பது அந்தப் பேச்சின் சாரம். துப்பறியும் நாவல்களும் திரைப்படங்களும் இதனை அப்படியே வாங்கிக்கொண்டன. நம் கட்சி வேறு. சுழல்துப்பாக்கி சிக்கும். பந்தயத்துக்கென்று செம்மை செய்யப்பட்ட சுழல்துப்பாக்கி இன்னும் எளிதாகச் சிக்கும். அவ்வாறு சிக்கும்போது பல வேளைகளில் பழுது துப்பாக்கியில் இராது. அதற்குள் இடப்பட்ட தோட்டாவில் இருக்கும். நோய் தீர்ப்பதையும் மருந்து என்கிறோம், வெடிப்பதையும் மருந்து என்கிறோம். இங்கே நோயே மருந்தில் இருக்கிறது.

இதில் இலக்கிய அன்பர்களுக்கு என்ன வேலை என்று கேட்கப்படலாம். இரண்டு வேலை உண்டு என்பது நம் எண்ணம். பழுது எங்கே இருக்கிறது என்று தேடும் அறிவை உரைநடையில் எழுதிவைப்பது ஒரு மொழியின் வலிமைகளுள் ஒன்று. அவ்வலிமையைத் தமிழ் இன்று போதிய அளவு பயன்படுத்தவில்லை. அடுத்தது இதனினும் கனமானது. பழுதைத் தவறான இடத்தில் தேடியதால் மனிதர்கள் இறந்திருக்கிறார்கள். பழியும் அவர்கள் பக்கமே சாய்ந்திருக்கிறது. ஆகவே இது வெறும் பொழுதுபோக்குச் செய்தி அன்று.

*

முதலில் சொற்களைச் சரிசெய்துகொள்வோம். நம் நாளிதழ்களில் தோட்டா நெஞ்சைத் துளைக்கிறது, குண்டு துப்பாக்கியில் நிரப்பப்படுகிறது. இரண்டும் தலைகீழ். தோட்டா என்பது நான்கு உறுப்புகள் கொண்ட முழுப்பொருள். பித்தளைக் கூடு ஒன்று, அதன் அடியில் குழித்துப் பதிக்கப்பட்ட பிரைமர் ஒன்று, கூட்டுக்குள் மருந்து, கூட்டின் வாயைப் பிடித்துக்கொண்டிருக்கும் குண்டு. இவற்றுள் பறந்து செல்வது குண்டு மட்டுமே. ஈழத்துச் செய்தி நடையில் சன்னம் என்றும் ரவை என்றும் சொற்கள் வழங்குவதை நாம் அறிவோம். இந்த வேறுபாட்டை அங்குள்ளோர் துன்பத்தின் வழியே கற்றனர் என்று நினைக்கத் தோன்றுகிறது. பிரைமர் என்பதை விளக்க நமக்கு அயல் உவமை வேண்டியதில்லை. தீபாவளிக்குச் சிறுவர்கள் வெடிக்கும் பொட்டுக் கேப்பு நினைவில் இருந்தால் போதும். அடி பட்டால் தீப்பொறி தரும் சிறு மருந்துப் பொட்டு அது. தோட்டாவின் பிரைமரும் அவ்வகையே. அதன் பொறி கூட்டுக்குள் இருக்கும் மருந்தைப் பற்றவைக்கிறது, எரியும் மருந்தின் வாயு குண்டைத் தள்ளுகிறது.

சுழல்துப்பாக்கியில் இத்தோட்டாக்கள் ஓர் உருளையில் வட்டமாகத் துளைத்த அறைகளில் இருக்கும். ஆறு அறை வழக்கம். எட்டு அறை கொண்டவையும் உண்டு. விசையை இழுக்கும் ஒரே செயலால் உருளை ஓர் அறை நகர்கிறது, சுத்தியல் பின்னே சாய்கிறது, பிறகு விடுபட்டுப் பிரைமரைத் தாக்குகிறது. தானியங்கிக் கைத்துப்பாக்கி அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ள முந்தைய வெடிப்பின் ஆற்றலைப் பயன்படுத்துகிறது. சுழல்துப்பாக்கி அடுத்த தோட்டாவைக் கொண்டுவர மனித விரலின் ஆற்றலையே நம்புகிறது. ஒரு தோட்டா வெடிக்காவிட்டாலும் மீண்டும் விசையை இழுத்தால் அடுத்தது வரும். சிக்காது என்ற புகழ் இங்கிருந்துதான் வந்தது. அது பாதி உண்மை. உருளை சுழலும் வரைக்கும்தான் அந்த உண்மை செல்லும். உருளையே நின்றுவிட்டால் கையில் இருப்பது வெறும் இரும்பு.

*

சுழல்துப்பாக்கிப் பந்தயம் பெருமளவில் அமெரிக்காவில் வளர்ந்த விளையாட்டு. 1976இல் மிசௌரி மாநிலத்தின் கொலம்பியா நகரில் ஐபிஎஸ்சி என்னும் பன்னாட்டு அமைப்பு தோன்றியது. அதன் அமெரிக்கக் கிளை யுஎஸ்பிஎஸ்ஏ. சுழல்துப்பாக்கிக்கென்றே ஐகோர் என்னும் அமைப்பு 1991இல் தொடங்கப்பட்டது. இப்பந்தயங்களில் குறியும் கணக்கு, நேரமும் கணக்கு. 1999 செப்டம்பரில் ஜெர்ரி மிக்குலெக் என்பவர் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 625 வகைச் சுழல்துப்பாக்கியால் ஆறு முறை சுட்டு, புதிதாகத் தோட்டா நிரப்பி, மேலும் ஆறு முறை சுட்டதற்கு எடுத்துக்கொண்ட நேரம் 2.99 நொடி. இவ்வேகத்தில் உருளை நூலிழை தயங்கினாலும் ஆட்டம் போயிற்று.

இவ்வேகத்துக்காகப் பந்தயக்காரர் தம் துப்பாக்கியில் சில மாற்றங்களைச் செய்கிறார். விசை இழுப்பதற்கு இலேசாக இருக்கவேண்டும் என்று சுத்தியலை இயக்கும் வில்லைத் தளர்த்துகிறார். வில் தளர்ந்தால் சுத்தியலின் அடியும் மெலியும். மெல்லிய அடிக்கும் பற்றிக்கொள்ளும் மென்மையான பிரைமர் அப்போது தேவைப்படுகிறது. அமெரிக்கப் பந்தயக்காரர் பலர் ஃபெடரல் நிறுவனத்தின் பிரைமரைத் தேடுவது இதனால்தான். இன்னொரு மாற்றம் தோட்டாவில். குண்டின் எடையைக் கிரெய்ன் அளவிலும் வேகத்தை நொடிக்கு அடி அளவிலும் எடுத்துப் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் வருவது ஆற்றல் எண். யுஎஸ்பிஎஸ்ஏ விதிப்படி அது 125க்குக் குறையலாகாது. 165ஐ எட்டினால் மேல்வகுப்பு. 158 கிரெய்ன் குண்டு நொடிக்கு 800 அடி வேகத்தில் சென்றால் 126.4 வரும், வரம்பை மயிரிழையில் தாண்டியாயிற்று. பின்னுதைப்புக் குறையவேண்டும் என்பதால் பந்தயக்காரர் இந்த மயிரிழையிலேயே நிற்க விரும்புகிறார். கடைத் தோட்டா அவருக்கு ஒத்துவருவதில்லை. வெற்றுக் கூடுகளைப் பொறுக்கி வந்து, தாமே பிரைமர் பதித்து, மருந்து அளந்து, குண்டு பொருத்திக்கொள்கிறார். கிரெய்ன் என்னும் சொல்லுக்கே தானியமணி என்று பொருள். நம் பொற்கொல்லர் நெல்லெடையும் குன்றிமணியெடையும் கொண்டு பொன் நிறுத்த மரபுக்கு உறவான அளவை அது. ஏறத்தாழ 65 மில்லிகிராம். இத்தகைய நுண்ணளவில் சில மணிகள் கூடினாலும் குறைந்தாலும் என்ன ஆகும் என்பதுதான் நம் பொருள்.

*

சிக்கிய துப்பாக்கியைக் கையில் வைத்துக்கொண்டு எங்கிருந்து தொடங்குவது? தேர்ந்தவர்களின் முதல் விதி எளிது. குழல்வாயைக் காப்பான திசையிலேயே வைத்து, தோட்டாக்களை முற்றிலும் நீக்கி, வெற்றுருளையை மூடிச் சுழற்றிப் பார்ப்பது. வெறுமையாய் இருக்கும்போதும் உருளை இடறினால் பழுது துப்பாக்கியினுடையது. தோட்டாக்களைத் தள்ளி வெளியேற்றும் கம்பியின் திருகு தளர்ந்து நீண்டிருப்பது இவ்வகையில் அடிக்கடி காணும் குறை. அவ்வாறின்றி வெற்றுருளை நீரோட்டம்போல் சுழன்றால் குற்றவாளி தோட்டாக்களுள் ஒளிந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

இரண்டாம் கேள்விதான் நமக்கு மிகவும் பிடித்தது: எப்போது சிக்குகிறது? பழுதுக்கும் ஒரு காலம் உண்டு. அக்காலமே அதன் முகவரி.

நிரப்பியவுடனேயே உருளை மூட மறுத்தாலோ, முதல் இழுப்பிலேயே தயங்கினாலோ, தோட்டாக்களின் அடிப்பக்கத்தைப் பார்க்கவேண்டும். பிரைமர் அதற்குரிய குழியில் முழுதும் அமர்ந்து, கூட்டின் அடித்தளத்தைவிட மிகச் சிறிதளவு உள்வாங்கி இருக்கவேண்டும். அங்குலத்தில் ஆயிரத்தில் சில பங்கு துருத்தினாலும் அது துப்பாக்கியின் பின்சுவரை உரசும், உருளை நிற்கும். இதனைக் கண்டறியக் கருவிகூடத் தேவையில்லை. ஐயமுள்ள தோட்டாக்களைக் கண்ணாடிப் பலகையில் செங்குத்தாக நிறுத்தினால் பிரைமர் துருத்தியவை தள்ளாடும். குழியில் பழைய கரி தங்கியிருந்தாலும், படைத்துறைக்காகச் செய்யப்பட்ட கூடுகளில் பிரைமரை இறுக்கும் மடிப்பு நீக்கப்படாமல் இருந்தாலும் பிரைமர் முழுதும் அமராது. சுழல்துப்பாக்கிகள் சிலவற்றில் தோட்டாக்கள் நிலாக் கிளிப் எனப்படும் மெல்லிய எஃகு வட்டில் செருகப்பட்டே ஒருசேர நிரப்பப்படும். முதல் உலகப்போரின்போது விளிம்பில்லாத பிஸ்டல் தோட்டாவைச் சுழல்துப்பாக்கியில் பயன்படுத்த மூன்று தோட்டா பிடிக்கும் அரைவட்டமாகத் தோன்றியது இது, பின்னர் முழுவட்டமாயிற்று. அவ்வட்டு சற்றே வளைந்திருந்தாலும் துருத்திய பிரைமர் செய்யும் வேலையையே செய்யும். ஆறு தோட்டாவும் நல்லவை, அவற்றைச் சேர்த்துப் பிடித்திருப்பது கோணல் என்றால் என்ன செய்வது? வட்டு வட்டாக உருளையில் இட்டுச் சுழற்றிப் பார்த்துக் கோணலானதைக் கழிப்பதே வழி.

முதல் சில வெடிகள் ஒழுங்காக நிகழ்ந்து, உருளையின் கடைசித் தோட்டாவை நெருங்குகையில் மட்டும் சிக்கினால் அது வேறு நோய். வெடிக்கும்போது துப்பாக்கி பின்னால் துள்ளுகிறது. வெடிக்காமல் காத்திருக்கும் தோட்டாக்களின் கூடுகளும் விளிம்பால் இழுக்கப்பட்டுப் பின்னே போகின்றன. கனமான குண்டோ இருந்த இடத்தில் இருக்கவே முயல்கிறது. கூட்டின் வாய் குண்டை இறுகப் பிடிக்கவில்லை என்றால் ஒவ்வோர் உதைப்புக்கும் குண்டு சிறிது சிறிதாக வெளியே நழுவும். ஐந்து உதைப்பைத் தாங்கிய ஆறாம் தோட்டாவின் குண்டு உருளையின் முன்முகத்தைத் தாண்டி மூக்கு நீட்டி, குழலின் ஓரத்தில் முட்டி நிற்கும். பள்ளியில் படித்த வெர்னியர் அளவி இங்கே உதவும்: ஒரு தோட்டாவின் நீளத்தை அளந்து குறித்துக்கொண்டு, அதனைக் கடைசி அறையில் இட்டு, மற்றவற்றைச் சுட்ட பிறகு மீண்டும் அளந்தால் நழுவலின் அளவு தெரிந்துவிடும். கூட்டின் வாய்மடிப்பைச் சரிசெய்தால் நோய் தீரும்.

முதல் நிரப்பலில் குறையேதும் இல்லை, இரண்டாம் நிரப்பலில் உருளை மூடவில்லை என்றால் முழுதும் எரியாத மருந்துத் துகள்கள்மீது ஐயம் கொள்ளவேண்டும். வரம்பின் மயிரிழையில் நிற்க விரும்பி அழுத்தம் குறைவாகத் தோட்டா செய்தால் மருந்து முழுதும் எரிவதில்லை. எஞ்சிய துகள், கூடுகளை வெளியேற்றும் நட்சத்திர வடிவத் தகட்டின் அடியில் ஒதுங்கும். மணல் விழுந்த கதவு நிலைபோல் அத்தகடு பிறகு சமமாக அமராது. குழலை வானோக்கி நிமிர்த்திக் கூடுகளைத் தள்ளினால் துகள் கீழே உதிர்ந்துவிடும். படுக்கையாக வைத்துத் தள்ளினால் உள்ளேயே தங்கும். துடைப்பதற்குச் சிறு தூரிகையும் போதும். ஆனால் துடைப்பது தணிப்பு மருத்துவம்தான். மருந்தின் வகையையும் அளவையும் மாற்றுவதே வேர் மருத்துவம்.

நூறு, இருநூறு முறை சுட்ட பிறகே இறுக்கம் தோன்றினால் உருளையின் முன்முகத்திலும் அறைகளின் உட்சுவரிலும் படிந்த கரியையும் ஈயத்தையும் பார்க்கவேண்டும். .357 மேக்னம் அறைகளில் அதனினும் குட்டையான .38 ஸ்பெஷல் தோட்டாக்களை மிகுதியாகச் சுட்டால் குட்டைக் கூடு முடியும் இடத்தில் கரிவளையம் ஒன்று படியும்; பிறகு நீளமான கூடு முழுதும் நுழையாது. துப்பாக்கியைக் குறை சொல்ல எவ்வளவு வசதியான நேரம்! குறையோ காலையில் சுட்ட தோட்டாவில் இருந்தது.

இனிச் சுத்தியல் விழுந்தும் வெடிக்காத தோட்டா. அதே தோட்டா இரண்டாம் அடியில் வெடித்தால் அதுவே ஒரு சான்று வாக்குமூலம். பிரைமர் முழுதும் அமராமல் இருந்தது. முதல் அடியின் ஆற்றல் அதனை உள்ளே தள்ளுவதிலேயே செலவாயிற்று. இரண்டாம் அடி பொறியை எழுப்பியது. இரண்டு மூன்று அடிக்கும் வெடிக்காவிட்டால் ஒன்று பிரைமர் கெட்டது, அன்றேல் வில் அளவுக்கு மீறித் தளர்த்தப்பட்டது. ஆனால் இந்தச் சோதனைக்கு முன்னால் ஒரு பொறுமை வேண்டும். வெடிக்கவில்லை என்று தோன்றும் தோட்டா தாமதித்து வெடிக்கக் கூடும். குழலை இலக்கின் பக்கமே நிறுத்தி அரை நிமிடமேனும் காத்திருக்கவேண்டும் என்பது பயிற்சிக் களங்களின் பாலபாடம்.

*

எல்லாவற்றினும் கொடியது ஓசை மெலிந்த வெடி. மருந்தே இடப்படாமல் மூடப்பட்ட தோட்டாவில் பிரைமர் மட்டும் வெடிக்கும். அந்தச் சிறு ஆற்றல் குண்டைக் கூட்டிலிருந்து கிளப்பிக் குழலின் நடுவே கொண்டுபோய் நிறுத்திவிடும். சில வேளை குண்டு பாதி உருளையிலும் பாதி குழலிலும் நின்று உருளையைப் பூட்டிவிடும். அது நல்லூழ் என்றே சொல்லவேண்டும். அடுத்த வெடி நிகழாது. குண்டு குழலுக்குள் முழுதும் போய் நின்றுவிட்டால் உருளை தடையின்றிச் சுழலும். அடுத்த தோட்டா வெடிக்கும், அதன் குண்டு முன்னதன் முதுகில் மோதும், குழல் பிளக்கும். சிக்காத துப்பாக்கி என்று எதைப் புகழ்கிறோமோ அந்தக் குணமே இங்கே கையைச் சிதைக்கும் குணமாகிறது. சிக்கல் எல்லாம் தீமை அன்று. சில சிக்கல்கள் எச்சரிக்கை.

இது குறித்துப் பந்தய விதிகளில் ஓர் ஏற்பாடு உண்டு. நம்மை மிகவும் கவர்ந்தது அது. ஓசை மெலிந்ததாகக் களநடுவருக்கு ஐயம் எழுந்தால் அவர் ஆட்டத்தை உடனே நிறுத்தலாம். சோதித்துப் பார்க்கையில் குழலில் குண்டு இருந்தால் பந்தயக்காரருக்கு மறுவாய்ப்பு இல்லை. தோட்டா அவர் பொறுப்பு. குழல் வெறுமையாக இருந்தால், நடுவரின் ஐயம் வீண் என்று தெரிந்தால், அவருக்கு மறுவாய்ப்புத் தரப்பட்டே ஆகவேண்டும். ஐயப்படும் உரிமை நடுவருக்கு. அவ்வையத்தின் விலையை ஐயத்துக்கு ஆளானவர் கொடுக்கவேண்டியதில்லை. ஒரு விளையாட்டுச் சங்கம் எழுதிவைத்த இச்சிறு விதியில் இருக்கும் நீதியுணர்வு பெரிய நிறுவனங்கள் பலவற்றில் இல்லை என்பதற்குச் சான்று வரலாற்றில் இருக்கிறது.

*

வியத்நாம் போரில் அமெரிக்கப் படைக்கு வழங்கப்பட்ட எம்16 துப்பாக்கியின் கதை அது. யூஜின் ஸ்டோனர் வடிவமைத்த இத்துப்பாக்கி குச்சி வடிவ மருந்து ஒன்றைக் கொண்டு வளர்த்தெடுக்கப்பட்டது. பேரளவு உற்பத்தியில் அம்மருந்து அழுத்தத்துக்கும் வேகத்துக்கும் விதித்த அளவுகளுக்குள் நிற்பது கடினமாயிற்று. 1964இல் டபிள்யூசி 846 என்னும் உருண்டை வடிவ மருந்துக்கு இராணுவம் இசைவளித்தது. புதிய மருந்து துப்பாக்கியின் சுழற்சி வேகத்தை வடிவமைப்பு எதிர்பார்த்ததைவிட உயர்த்தியது. அதில் கலந்திருந்த கால்சியம் கார்பனேட்டு வாயுக்குழாயில் படிந்தது. மருந்து மட்டுமே காரணம் என்று சொல்வது நேர்மை ஆகாது. தோட்டா அறைக்குக் குரோமியப் பூச்சு இல்லை. ஈரம் மிகுந்த அந்நிலத்தில் அறை அரிக்கப்பட்டது. துடைப்புக் கருவிகள் போதிய அளவில் வழங்கப்படவில்லை. இத்துப்பாக்கிக்கு அதிகம் துடைப்பே வேண்டாம் என்ற எண்ணமும் பரவியிருந்தது. விளைவு, சுட்ட கூடு அறையிலேயே ஒட்டிக்கொண்டது. வீரர்கள் துடைப்புக் கம்பியைக் குழல்வாய் வழியே செலுத்திக் கூட்டைக் குத்தி வெளியேற்றவேண்டியதாயிற்று. கம்பி இல்லாதவனுக்கு அதுவும் இல்லை. எதிரே பகைவன் சுட்டுக்கொண்டிருக்கையில் நிகழ்ந்தவை இவை.

அப்போது வீரர்களை நோக்கி எழுந்த குற்றச்சாட்டு, நீங்கள் துப்பாக்கியைத் துடைப்பதில்லை என்பது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நம்மிடையே ஒரு பழமொழி உண்டு. கருவியைக் குறை சொல்பவரை நகைக்க நாம் அதனை எடுப்போம். அப்பழமொழி அதிகாரத்தில் இருப்பவர்க்கு எவ்வளவு வசதியானது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. கூடம் உண்மையிலேயே கோணலாக இருந்த இடங்களும் உண்டு. ஆடியவளின் காலைப் பார்ப்பதற்கு முன் தரையில் ஒரு நூல் பிடித்துப் பார்த்திருக்கலாம். 1967இல் ரிச்சர்ட் இக்கார்டு தலைமையிலான அமெரிக்க நாடாளுமன்றத் துணைக்குழு அந்த நூலைப் பிடித்தது. மருந்து மாற்றத்தையும், குறை தெரிந்தும் திருத்தாமல் இருந்ததையும் அதன் அறிக்கை மிகக் கடுமையாகக் கண்டித்தது. அந்த அலட்சியம் குற்றத்தின் எல்லையைத் தொடுவது என்னும் அளவுக்குச் சென்றது. பின்னர் அறைக்குக் குரோமியம் பூசப்பட்டது, தாங்குவில் அமைப்பு மாற்றப்பட்டது, மருந்தில் கால்சியம் கார்பனேட்டு குறைக்கப்பட்டது, துடைப்புக் கருவிகள் வந்தன. துப்பாக்கி சீரானது. இடைப்பட்ட காலத்தில் இறந்தவர்களுக்கு, பந்தயக்காரருக்குக் கிடைக்கும் மறுவாய்ப்புக்கூட இல்லை.

இலக்கிய வாசகர்கள் கவனிக்கவேண்டிய ஒரு செய்தி இவ்வரலாற்றில் இருக்கிறது. திருத்தங்களோடு வீரர்களுக்கு வழங்கப்பட்ட பராமரிப்புக் கையேடு ஒரு சித்திரக்கதை நூல். வரைந்தவர் வில் ஐஸ்னர். பின்னாளில், 1978இல் வந்த தம் நூலின் வழியாகக் கிராஃபிக் நாவல் என்னும் வகையைப் பரவலாக்கிய அதே கலைஞர்தான். 1951 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டு இராணுவத்தின் பராமரிப்பு மாத இதழுக்கு அவர் வரைந்திருக்கிறார். ஒரு முதல்தரக் கலைஞன் தன் வாழ்நாளின் பல ஆண்டுகளை ஒரு திருகை எப்பக்கம் திருப்பவேண்டும் என்று விளக்குவதற்குச் செலவிட்டிருக்கிறான். கையேடு துடைக்கும் கடமையை வீரனிடம்தான் ஒப்படைத்தது என்பதும் உண்மை. மருந்தை மாற்றியவர்களுக்கென்று சித்திரக்கதை ஏதும் வரையப்பட்டதாகத் தெரியவில்லை.

*

இப்போது நம் மொழிக்கு வருவோம். பழுதை ஆராயும் உரைநடை தமிழுக்கு அயலானது என்று எவரும் சொல்ல முடியாது. வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் நோயையும் அதன் காரணத்தையும் தணிக்கும் வழியையும் வரிசைப்படுத்தி, அதன்பின்பே செயல் என்று முறை வகுத்தார். நாம் மேலே கண்ட தோட்டா ஆராய்ச்சியின் முறையும் அதுவே. 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் மேலை மருத்துவ நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். 20ஆம் நூற்றாண்டில் பெ.நா. அப்புசாமி அறிவியலைத் தெளிந்த தமிழில் எழுதிக் காட்டினார். மரபு இருக்கிறது. தொடர்ச்சிதான் மெலிந்திருக்கிறது.

தமிழ் முதுகலை வகுப்பில் நாம் மாணவர்க்கு நிலவைப் பற்றி எழுதக் கற்பிக்கிறோம். நீர் இறைக்கும் மோட்டார் ஏன் நீரை ஏற்றவில்லை என்று, காரணங்களை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றையும் எவ்வாறு விலக்குவது என்று ஒரு பக்கம் எழுதச் சொன்னால் பேனா நின்றுவிடுகிறது. அது இலக்கியம் அன்று என்ற மறுமொழியும் எழுகிறது. குன்றக் கூறலும் மிகைபடக் கூறலும் நூலின் குற்றங்கள் என்று நன்னூல் வகுத்தது கவிதைக்கு மட்டுமா? துருத்திய பிரைமரைப் பற்றி எழுதுபவர் ஒரு சொல் குறைத்தால் படிப்பவர் விரல் போகும். ஒரு சொல் மிகுத்தால் படிப்பவர் அச்சொல்லில் இடறி முக்கியமானதைத் தவறவிடுவார். இவ்வளவு கடுமையான தேர்வு எந்தச் சிறுகதைக்கும் வைக்கப்படுவதில்லை.

நம் பட்டறைக்காரர்களும் மெக்கானிக்குகளும் பழுதறிவதில் எவருக்கும் இளைத்தவர் அல்லர். எஞ்சினின் ஓசையைக் கேட்டே நோயைச் சொல்லும் கைகாரர்கள் ஒவ்வோர் ஊரிலும் உண்டு. அவர்கள் அறிவு வாய்மொழியாகவே சீடனுக்குப் போகிறது, எழுத்தில் ஏறுவதில்லை. எழுதத் தெரிந்த நாம் அவர்களிடம் போவதில்லை. எப்போது நிற்கிறது, சூடான பிறகா, முதலிலேயா என்று அவர்கள் கேட்கும் கேள்வியும், எந்தத் தோட்டாவில் சிக்குகிறது என்ற பந்தயக்காரரின் கேள்வியும் ஒன்றே.

ஒரு மறுப்பை எதிர்பார்க்கிறோம். எழுதுவதற்கு வேறு கருவியே இல்லையா, கொல்லும் கருவியைப் பற்றித்தான் எழுதவேண்டுமா என்பது அது. நியாயமான கேள்வி. நம் விடை இது: துப்பாக்கிமீது மயக்கம் கொண்டிருப்பது அதனை அறியாத கலைதான். நம் திரைப்படங்களில் அது எண்ணிக்கை இல்லாமல் வெடிக்கிறது, ஒருபோதும் சூடேறுவதில்லை, சிக்குவதில்லை. அத்துப்பாக்கி ஒரு தெய்வம், குறையே இல்லாதது. அங்குலத்தில் ஆயிரத்தின் சில பங்கு பித்தளைப் பொட்டு துருத்தினால் செத்துப்போகும் இயந்திரம் அது என்று அறிந்தவர்க்கு அந்த மயக்கம் நிற்பதில்லை. அத்துடன், பொறுப்பு எங்கெங்கே பகிர்ந்திருக்கிறது என்பதும் இவ்வறிவில் தெளிவாகிறது. வில்லைத் தளர்த்தியவர் யார், மருந்தைக் குறைத்தவர் யார், கூட்டைச் சோதிக்காமல் எடுத்தவர் யார் என்று கேட்கத் தெரிந்தவர், கடைசியில் விசைமேல் இருந்த விரலை மட்டும் பிடித்துக்கொண்டு வழக்கை முடிக்கமாட்டார்.

தேர்ந்த பந்தயக்காரர்களிடம் உள்ள ஒரு பழக்கத்தை மட்டும் சொல்லி நிறுத்துகிறோம். வெடிக்காத தோட்டாவையும் உருளையை நிறுத்திய தோட்டாவையும் அவர்கள் எரிச்சலில் எறிந்துவிடுவதில்லை. தனியே எடுத்துவைத்து, எந்த நாளில் செய்தது, எந்தப் பிரைமர், எவ்வளவு மருந்து, உருளையின் எத்தனையாவது அறையில் இருந்தது என்று குறித்துக்கொள்கிறார்கள். பழுதான பொருளே சான்று. அதை எறிந்துவிட்டால் எஞ்சுவது பழி மட்டும்தான். தமிழ்த்துறைகள் இத்தகைய குறிப்பேடு ஒன்றைப் பாடமாக வைக்கும் நாள் வரவேண்டும் என்பது நம் விருப்பம். நீரேற்றியோ தையற்பொறியோ அச்சுப்பொறியோ, எந்தப் பொறியாகவும் இருக்கட்டும். மாணவர் தம் வீட்டில் பழுதான ஒன்றை எடுத்துக்கொண்டு, காரணம் காணும் வரை எழுதட்டும்.